வராத ஆளைத் தேடும் வகுப்பு

வருகைப் பதிவை ஆசிரியர் எடுக்கக் கூடாது. அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு வகுப்பு நடத்துபவர்கள் ஒரே ஒரு யோசனை கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நான் இதைப் பார்த்தது, மாவட்டத் தலைநகர் ஒன்றில் அறக்கட்டளை நடத்தும் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில். மாணவர்கள் 16 பேர். எல்லோரும் 18 வயதைத் தாண்டியவர்கள்; மூத்தவருக்கு 31. காலையில் வேன் வந்து நின்றதும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வருகிறார்கள். சுவரில் ஒரு பலகை. அதன் இடது பக்கம் ஒரு வீட்டின் படம், வலது பக்கம் வகுப்பறையின் படம். 16 பேரின் புகைப்பட அட்டைகளும் இரவு முழுக்க வீட்டுப் பக்கம் ஒட்டியிருக்கும். அந்த வாரத்தின் பொறுப்பாளர் ஒவ்வொரு அட்டையாக எடுத்துத் தூக்கிக் காட்டுகிறார். படத்தில் இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும், அல்லது எழுந்து வந்து தன் அட்டையைத் தானே வலது பக்கம் ஒட்ட வேண்டும். பேச்சு வராத இருவர் அப்படித்தான் செய்கிறார்கள். பொறுப்பாளருக்கு எழுத்து தெரியாது. 16 முகங்களும் தெரியும்.

கடைசியில் வீட்டுப் பக்கம் ஓர் அட்டை மிஞ்சுகிறது. "இவங்க ஏன் வரலை?" என்று அவர் எல்லோரையும் பார்த்துக் கேட்கிறார். "அவங்க அக்காவுக்கு வளைகாப்பு. நேத்தே சொன்னா" என்று ஓரத்திலிருந்து ஒரு பெண் சொல்கிறார். யாருக்கும் காரணம் தெரியாவிட்டால், இருவர் மையத்தின் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு விசாரிக்கிறார்கள். ஆசிரியர் பேனாவை எடுத்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இங்கே கால் மணி நேரம் ஆகிறது. அதற்குள் வந்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடுகிறார்கள். வராதவருக்கு ஒரு வீடு இருக்கிறது, அக்கா இருக்கிறார், அங்கே இன்று விசேஷம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அன்றைய பாடங்களில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

வருடக்கணக்காக ஒரே அறையில் உட்கார்ந்தும் பக்கத்தில் இருப்பவரின் பெயர் தெரியாத வகுப்புகள் இருக்கின்றன. ஒரே வேனில் வருவார்கள், ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவர் வாரக்கணக்கில் வராவிட்டாலும் மற்றவர்கள் கேட்க மாட்டார்கள். "அவங்களுக்கு அதெல்லாம் புரியாதுங்க" என்று விளக்கம் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். நாள் முழுக்க உழைப்பவர்கள். ஆனால் அந்த அறையில் கேள்வி கேட்கும் வேலையை மாணவர்கள் கையில் யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை.

360இல் 20

அறிவுசார் குறைபாட்டையும் மனநோயையும் ஒன்றாக நினைக்கிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. கற்பதிலும், யோசித்து முடிவெடுப்பதிலும், அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்வதிலும் வளரும் பருவத்திலேயே தெரியவரும் பின்னடைவுதான் அறிவுசார் குறைபாடு. நுண்ணறிவு ஈவு சுமார் 70க்குக் கீழே இருப்பது ஓர் அடையாளம். அன்றாட நடைமுறையில் என்ன முடிகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாடு முழுவதும் சுமார் 15 லட்சம் பேர் இந்தப் பிரிவில் பதிவானார்கள்.

ஒருவருக்கு முடிவது இன்னொருவருக்கு முடியாது என்பதால் சிறப்புப் பள்ளிகளில் ஆளுக்கொரு கல்வித் திட்டம் போடுகிறார்கள். இதில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கிய 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்ற அளவுகோலைச் சிறப்புக் கல்வி படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். நடப்பது, சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், பேச்சைப் புரிந்துகொள்வது, எழுத்து, எண், நேரம், பணம், வீட்டு வேலை, தொழில் என்று 18 பிரிவுகள். பிரிவுக்கு 20 வீதம் மொத்தம் 360 செயல்கள். 'இவனுக்கு ஒண்ணும் வராது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதற்குப் பதிலாக, இன்று எது வருகிறது, நாளைக்கு எதைக் கற்றுத்தரலாம் என்று அது வரிசையாகக் காட்டியது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகச் செகந்திராபாதில் 1984இல் தொடங்கிய தேசிய நிறுவனமும் பிறகு வகுப்பு வாரியாக ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தது. அதில் 80 சதவீதம் தேறினால் மாணவர் அடுத்த நிலைக்குப் போகலாம்.

இந்தக் கருவிகள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். சென்னை அளவுகோலின் 18 பிரிவுகளில் சமூக உறவாடலும் ஒன்று. அதாவது 360 செயல்களில் 20. அவற்றையும் ஒரு தனி மனிதரிடம்தான் அளக்க முடியும்: இவர் வணக்கம் சொல்கிறாரா, தன் முறைக்காகக் காத்திருக்கிறாரா என்று. நட்புக்கு இரண்டு பேர் வேண்டும். கோப்பு ஆளுக்கு ஒன்று. ஜூன் மாதத்தில் போட்ட இலக்குகளை மார்ச்சில் சரிபார்க்கும்போது, சட்டைப் பட்டன் போடக் கற்றாரா என்ற கேள்விக்குக் கோப்பில் விடை இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் இவர் பக்கத்தில் உட்கார யாராவது இடம் பிடித்து வைக்கிறார்களா என்ற கேள்விக்கு அங்கே கட்டம் கிடையாது.

விளைவு, வகுப்பில் எல்லா உறவும் குடைக்கம்பி மாதிரி ஆசிரியர் என்ற ஒரு புள்ளிக்குப் போய்ச் சேர்கிறது. ஒவ்வொருவருக்கும் மிஸ்ஸைத் தெரியும். மிஸ்ஸுக்கு எல்லோரையும் தெரியும். மிஸ் வேலையை விட்டுப் போனால் (சிறப்பாசிரியர்களுக்குத் தரப்படும் சொற்ப ஊதியத்தில் அது அடிக்கடி நடக்கிறது) வகுப்பில் யாருக்கும் யாரும் இல்லாமல் போகிறார்கள். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் நூல் கட்டுகிற வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உதவி கிட்டேயே நின்றால்

அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜியான்கிரெக்கோவும் சக ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உலகம் முழுவதும் சிறப்பாசிரியர்களை யோசிக்க வைத்தது. பொதுப் பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு உதவியாளர் போடுகிறார்கள். அவர் எப்போதும் அருகிலேயே இருக்கிறார். அந்த நெருக்கமே மற்ற மாணவர்கள் இவரிடம் வந்து பேசுவதற்குத் தடையாகிவிடுகிறது என்பதை அவர்கள் பதிவு செய்தார்கள். நம் ஊர் மையங்களில் பார்த்தால் இது உடனே புரியும். தண்ணீர் பாட்டில் திறக்கவில்லை என்றால் ஆயாம்மா ஓடிவருகிறார். சாதம் சிந்தினால் ஆயாம்மா துடைக்கிறார். பக்கத்தில் இருக்கும் கூட்டாளியிடம் 'கொஞ்சம் திறந்து குடு' என்று கேட்க வேண்டிய அவசியமே வருவதில்லை. அன்பு குறைவில்லாத இடத்தில்தான் இப்படி நடக்கிறது என்பது வருத்தமான விஷயம்.

நான் சொல்லும் மையத்தில் ஒரு மதியம். இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவர் டிபன் பாக்ஸில் இருந்த அவித்த முட்டை காணாமல் போனது. பக்கத்தில் இருந்தவர் வாய் நிறைய முட்டை. இவர் தரையை ஓங்கி அறைந்தார். எனக்குப் பதறியது. ஆசிரியர் கதவருகே நின்றபடி அசையவில்லை.

அறையின் மூலையில் ஒரு சின்ன மேசை, இரண்டு நாற்காலி. அதைப் 'பேச்சு மேசை' என்கிறார்கள். மேசை மேல் மூன்று படங்கள்: என்ன நடந்தது, உனக்கு எப்படி இருந்தது, இப்போது என்ன செய்யலாம். அன்று தண்ணீர் ஊற்றும் பொறுப்பில் இருந்த பெண் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் அங்க போங்க" என்றார். போனார்கள். முட்டை எடுத்தவர் இரண்டாவது படத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். நமக்கு அந்த மௌனம் தாங்காது. இடையில் புகுந்து 'சாரி சொல்லு' என்று முடித்துவிடுவோம். கேட்டதை மனதில் வாங்கி, பதிலைத் திரட்டி, வாய்க்குக் கொண்டுவர இவர்களில் பலருக்குக் கூடுதல் நேரம் வேண்டும். ஆசிரியர் முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கி விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு பதில் வந்தது. "எனக்கு முட்டை புடிக்கும். எங்க வீட்ல சமைக்க மாட்டாங்க."

"கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பேன்ல?" என்றார் மற்றவர், கோபம் இன்னும் ஆறாமல். கடைசியில் மறுநாள் அப்பளம் கைமாறுவதாக ஒப்பந்தம் ஆனது. எந்தப் பெரியவரும் சொல்லிக்கொடுத்த தீர்ப்பு அல்ல அது. இருவரும் திரும்பி வந்து அதே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் தீர்த்துவைத்திருந்தால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

எண்ணத் தெரியாதவர் கையில் கணக்கு

கூடிப் பேசுவதால் மட்டும் ஒரு செட்டு உருவாகிவிடாது. ஒருவர் வேலை இன்னொருவருக்கு வேண்டியதாக இருக்க வேண்டும். இந்த மையத்தில் மருந்துக் கடைகளுக்குக் காகிதக் கவர் செய்கிறார்கள். முன்பெல்லாம் ஆளுக்கொரு கட்டுக் காகிதம் கொடுத்து, ஒவ்வொருவரும் ஒரு கவரை முழுதாகச் செய்ய வேண்டும் என்று வைத்திருந்தார்களாம். வேகமானவர் முன்னால் குவியல், மெதுவானவர் முன்னால் கசங்கிய இரண்டு கவர். குவியலைப் பார்த்துப் பாராட்டுவார்கள். இரண்டு கவர் செய்தவர் தலை குனிந்துகொள்வார்.

இப்போது நீளமான மேசை ஒன்று. முதலாமவர் அட்டையை வைத்து அளவாக மடிக்கிறார். அடுத்தவர் மைதாப் பசை தடவுகிறார். மூன்றாமவர் ஒட்டி அழுத்துகிறார். அழுத்துவதில் அவருக்கு அலாதி இன்பம். இரண்டு உள்ளங்கையாலும் ஊன்றி, எழுந்து நின்று அழுத்துகிறார். உலர்ந்த கவர்களை எண்ணிக் கட்ட வேண்டும். அந்தப் பொறுப்பில் இருக்கும் பெண்ணுக்கு மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது. அவர் முன்னால் ஒரு மரப்பலகை. அதில் பத்துக் காடி வெட்டியிருக்கிறது. ஒவ்வொரு காடியிலும் ஒரு கவரைச் செருகுகிறார். காலியாக எந்தக் காடியும் இல்லை என்றால் பத்து ஆகிவிட்டது. ரப்பர் பேண்ட் போடலாம். மதியம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டில்கூடப் பிசகவில்லை.

பசை தடவுபவர் வராத அன்று மேசையே நின்றுபோகும். காலையில் வருகைப் பலகையில் அவர் அட்டை வீட்டுப் பக்கம் மிஞ்சினால் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குகிறது என்றால் காரணம் இதுதான். இந்தச் சிக்கலுக்கு அவர்களே கண்டுபிடித்த வழி, ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள் பழகிக்கொள்வது. பழக்கிவிடுபவர் ஆசிரியர் அல்ல, அந்த வேலையைச் செய்யும் மாணவரே. பசைக்காரர் தன் இரண்டாவது ஆளின் மணிக்கட்டைப் பிடித்து பிரஷை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறார். ஆயுள் முழுக்கக் கற்றுக்கொள்பவராகவே வைக்கப்பட்ட ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கும்போது அவர் குரல் மாறுவதைக் கேட்க வேண்டும்.

மாற்றுத்திறன் இளைஞர்களின் நட்பைப் பற்றி நீண்ட காலமாக எழுதிவரும் அமெரிக்கப் பேராசிரியர் எரிக் கார்ட்டர், ஓர் இடத்தைச் சேர்ந்தவராக ஒருவர் உணர்வதற்குப் பத்துக் கூறுகள் வேண்டும் என்கிறார். அங்கே இருப்பது, அழைக்கப்படுவது, வரவேற்கப்படுவது, அறியப்படுவது என்று போகும் அந்த வரிசையில் ஒன்று, தேவைப்படுவது. நம் மையங்கள் முதல் சில கூறுகளில் குறை வைப்பதில்லை. 'நீ இல்லைன்னா இன்னிக்கு வேலை ஆகாது' என்ற சொல்லைத்தான் இவர்கள் வாழ்நாளில் கேட்டதே இல்லை.

பேசாதவரின் மொழியை யார் கற்பது?

பேச்சு வராதவர்களுக்குப் பட அட்டைகளும், சைகைகளும், இப்போது டேப்லெட் செயலிகளும் இருக்கின்றன. 'ஆவாஸ்' என்ற செயலியைச் சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது குரலாக ஒலிக்கும். தமிழிலும் பேசும். பெரிய வரம். ஆனால் பல வகுப்புகளில் அந்த அட்டைகளின் அர்த்தம் ஆசிரியருக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் மட்டுமே தெரியும். அப்படியானால் அந்த மாணவர் இரண்டு பெரியவர்களுடன்தான் பேச முடியும். அதுவும் தண்ணீர், கழிப்பறை, வலி, போதும் என்ற அளவில்.

இந்த வகுப்பில் எல்லோருமே அட்டைகளைப் பழகுகிறார்கள். காலையில் ஒரு புது அட்டை. கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது. அட்டையைக் காட்டித்தான் பேச வேண்டும். நன்றாகப் பேசுபவர்கள் அப்போது திணறுகிறார்கள். பேசாதவர் சளைக்காமல் அட்டை எடுத்துக் காட்டுகிறார். அட்டைக் கட்டில் 'போர் அடிக்குது' இருக்கிறது, 'சும்மா சொன்னேன்' இருக்கிறது, ஒரு நடிகரின் படம் இருக்கிறது, 'தள்ளிப் போ' இருக்கிறது. கூட்டாளிகளுக்கு இடையே பேச வேண்டும் என்றால் இவையெல்லாம் இருந்தே ஆக வேண்டும்.

'வேண்டாம்' என்று சொல்லலாம்

இருபத்தைந்து வயதுக்காரர்களை வட்டமாக நிற்க வைத்து மழலைப் பாட்டுப் பாடவைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சுவர் முழுக்கக் கார்ட்டூன் முயல், யானை. வருகிற விருந்தினர் கன்னத்தைக் கிள்ளுகிறார். 'தெய்வக் குழந்தைங்க' என்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். மீசை வளர்ந்தவரிடம், மாதவிடாய் வருகிறவரிடம் இப்படி நடந்துகொள்வது எனக்குச் சம்மதமில்லை. கற்கும் வேகம் எப்படி இருந்தாலும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. சினிமாப் பாட்டு, கிரிக்கெட், ஷேவிங், உதட்டுச் சாயம், யாருக்கு யார் மீது கண் என்ற கிசுகிசு எல்லாம் இவர்கள் பேச்சிலும் உண்டு. அவற்றுக்கு இடம் தராத வகுப்பில் இளைஞர்கள் கூட்டாளிகளாக ஆக முடியாது.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. வீட்டிலும் பள்ளியிலும் 'சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை' என்று பெயர் வாங்கவே இவர்கள் பழக்கப்படுத்தப்படுகிறார்கள். யார் கட்டிப்பிடித்தாலும் நிற்பார்கள், யார் கூப்பிட்டாலும் போவார்கள். பாலியல் அத்துமீறலுக்கு இவர்கள் எளிதில் ஆளாவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். அதனால் 'வேண்டாம்' என்ற சொல் செல்லுபடியாகும் இடமாக வகுப்பு இருக்க வேண்டும். இந்த மையத்தில் காலை வணக்கத்துக்கு மூன்று வழி உண்டு: கை குலுக்கலாம், கும்பிடலாம், தூரத்திலிருந்து கையசைக்கலாம். எதிரில் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதுதான். ஆசிரியருக்கும் அதே விதி. வந்திருந்த எனக்கும் அதே விதி. கை நீட்டினேன், ஒரு பெண் தூரத்திலேயே கையசைத்துவிட்டு நகர்ந்தார். எல்லோரும் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள்.

ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் 1972இல் எழுதிய கட்டுரையில், தவறு நேரக்கூடிய வாய்ப்பிலிருந்து ஒரு மனிதரை முழுக்க ஒதுக்கிவைப்பது அவர் கண்ணியத்தையே பறிப்பதாகும் என்று வாதிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1974இல், ஒரிகன் மாநிலத்தின் சேலம் நகரில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களே கூடி 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தங்களுக்காகத் தாங்களே பேசும் அந்த இயக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. அப்படிப்பட்ட கூட்டங்களுக்கான பயிற்சி வகுப்பறையில்தான் தொடங்க முடியும். வாரத் தலைவரை இங்கே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேட்பாளர்களின் படம் ஒட்டிய டப்பாக்கள், ஆளுக்கொரு புளியங்கொட்டை. தோற்றவர் ஒருமுறை அழுது, கொட்டைகளைத் திரும்ப எண்ணச் சொல்லி அடம்பிடித்தார். திரும்ப எண்ணினார்கள்.

வெளியே உண்மையான தேர்தலும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தகுதியுள்ள நீதிமன்றம் ஒருவரை மனநிலை சரியில்லாதவர் என்று அறிவித்திருந்தால் மட்டுமே அந்தக் காரணத்துக்காக வாக்காளர் பட்டியலில் சேர்க்காமல் விட முடியும். குறைபாட்டுச் சான்றிதழ் இருப்பதால் வாக்குரிமை போய்விடாது. இது தெரியாத பெற்றோர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் சட்டத் திருத்தம் நிறைவேறியிருக்கிறது. அந்த நாற்காலிகளில் ஒருநாள் அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரும் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்கு அவர் முதலில் 16 பேர் முன்னால் பேசிப் பழகியிருக்க வேண்டும்.

துக்கம் விசாரிக்கப் போனவர்கள்

மாணவர் ஒருவரின் அப்பா இறந்துபோனார். இப்படிப்பட்ட சமயங்களில் பல வீடுகளில் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். உடலைக் காட்டமாட்டார்கள். 'அப்பா ஊருக்குப் போயிருக்காங்க' என்பார்கள். அவர் மாதக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கத்துவார், பொருளை உடைப்பார். மருந்தின் அளவைக் கூட்டுவார்கள். அது துக்கம் என்று யாருக்கும் தோன்றாது.

வகுப்பில் செய்தியை மறைக்காமல் சொன்னார்கள். 'செத்துட்டாங்க' என்ற சொல்லையே பயன்படுத்தினார்கள். சுற்றி வளைத்துச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். 'இனிமே வர மாட்டாங்களா?' என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே பதில் சொல்லப்பட்டது. பிறகு, துக்கம் விசாரிக்கப் போவது என்று முடிவானது. எல்லோரும் வேண்டாம், ஆறு பேர் போகலாம் என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள்.

முதல் நாள் வகுப்பில் ஒத்திகை பார்த்தார்கள். ஒரு நாற்காலியை இழவு வீட்டுத் திண்ணை என்று வைத்துக்கொண்டார்கள். உள்ளே போனதும் சிரித்து வணக்கம் சொல்ல வேண்டியதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்காரலாம். அழுகை வந்தால் அழலாம். முக்கியமாக, கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது. அந்த ஆறு பேரில் ஒருவர், கடைக்காரர், வேன் டிரைவர், தெரு நாய் என்று யாரைப் பிரிந்தாலும் தவறாமல் 'போயிட்டு வர்றேன்' சொல்லுபவர். அவருக்கு இது மலையேறுகிற வேலை. ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் வாய் தவறியது. கடைசியில் பக்கத்துக் கூட்டாளி ஒருவர், 'நீ கிளம்பும்போது என் கையைப் புடிச்சுக்க, நான் அழுத்துறேன்' என்றார்.

அப்படியே நடந்தது. அந்த வீட்டில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மகன் இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டார். அதுவரை அவரிடம் யாரும் துக்கம் விசாரிக்கவில்லை என்று அவர் அம்மா பின்னால் சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டி அம்மாவிடமும் அண்ணனிடமும்தான் பேசியிருக்கிறார்கள். அவருடைய அப்பாதானே இறந்தார்?

மூன்றரை மணிக்குப் பிறகு

மாலை மூன்றரைக்கு வேன் கிளம்பியதும் இந்த உறவெல்லாம் அறுந்துவிடுகிறது. வீடு ஒரு மூலையில், கூட்டாளியின் வீடு இன்னொரு மூலையில். தனியாகப் பஸ் ஏறத் தெரிந்தவர்கள் சிலர்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க டி.வி. முன்னால். பெற்றோர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அவர்களே ஓய்ந்துபோயிருக்கிறார்கள். ஆனால் அவர்களால் முடிகிற சின்ன விஷயம் ஒன்று உண்டு. போனில் எண்ணுக்குப் பதிலாகக் கூட்டாளியின் படத்தைத் தொட்டால் அழைப்பு போகும்படி வைத்துத்தர முடியும். இந்த வகுப்பில் சில வீடுகளில் அப்படிச் செய்திருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு அழைப்பு வருகிறது. "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "என்ன சாப்ட்ட?" "தோசை." "நானும் தோசை." அவ்வளவுதான் பேச்சு. நம்மில் பலரின் பேச்சும் அவ்வளவுதான்.

அரசின் பங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இலவசக் கல்வியை 6 வயதிலிருந்து 18 வயது வரைக்கும்தான் உறுதிசெய்கிறது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் 1 சதவீதத்தை அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் முதலிய பல பிரிவினர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கிறது. 'நிராமயா' என்ற காப்பீடு, பகல்நேர மையத் திட்டம், குழு இல்லத் திட்டம் ஆகியவையும் அதன் கீழ் வருகின்றன. ஆனால் 18 வயது முடிந்ததும் தினமும் போய் உட்கார ஓர் இடம் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறதா என்றால், இல்லை. இருக்கும் மையங்களும் நன்கொடையை நம்பி ஓடுகின்றன. 18 வயதோடு பள்ளி முடிந்து வீட்டில் உட்கார்ந்தவர்கள், கற்றதை மறப்பதோடு கூட்டாளிகளையும் சேர்த்தே இழக்கிறார்கள். பகல்நேர மையத்தை இளைஞர்களின் உரிமையாக அரசு ஏற்க வேண்டும். ஆசிரியர்களுக்கு நிலையான ஊதியம் வேண்டும். வேனுக்கு டீசல் போடவும் பணம் ஒதுக்க வேண்டும். வேன் ஓடாத ஊரில் வகுப்பு இருந்தும் பயனில்லை.

பெற்றோர் கூட்டங்களில் எப்போதும் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: 'எனக்கப்புறம் இவனை யார் பார்த்துப்பா?' நான் போயிருந்த கூட்டத்தில் ஒரு தாய் அதைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார். பையனின் அப்பா இல்லை. தனக்கும் சர்க்கரை, முட்டி வலி. எப்படியும் ஒரு குழு இல்லத்தில்தான் சேர்க்க வேண்டியிருக்கும். "காலி இடம் எங்க இருக்கோ அங்கதான் போடுவாங்களா? இவன் யார்கூட இருக்க ஆசைப்படறானோ அவங்களோட சேர்ந்து இருக்க முடியாதா? பசை தடவற பையனும் இவனும் ஒண்ணாவே இருக்கட்டுமே" என்றார். பசை தடவுபவரின் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, முதலில் மாதத்தில் இரண்டு இரவு மட்டும் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்ப்பது, ஆயாம்மா ஒருவர் உடன் இருப்பது, செலவை எப்படிப் பங்கிடுவது என்று பேச்சு நீண்டது. யார் யாரோடு தங்குவது என்பதைப் பெற்றோர்கள் முடிவுசெய்யக் கூடாது என்று ஆசிரியர் குறுக்கிட்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு மாணவர்களும் வருகிறார்கள். முதல் பொருள் அந்த வீடு.